சொல்லக்கூடிய நோயும் சொல்லக்கூடாத நோயும்

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோவில் வளாகத்து வேப்பமர நிழலில் சிறிது நேரம் நின்று கேட்டால் போதும். "வெறும் வயிற்றில் 140", "சாப்பிட்ட பின் 200-ஐத் தாண்டிவிட்டது" என்று நம் பெரியவர்கள் தங்கள் சர்க்கரை அளவைப் பள்ளிப் பிள்ளைகள் மதிப்பெண் சொல்வதுபோல் சொல்லிக்கொள்வார்கள். சர்க்கரை போடாத காப்பி நம் வீடுகளில் ஒரு கௌரவமாகவே ஆகிவிட்டது. இதில் தவறொன்றுமில்லை. நோயை மறைக்காதவர் மருந்தையும் மறவார். ஆனால் அதே நிழலில் நிற்கும் ஒருவரால் தம் மற்றொரு நோயின் பெயரை மட்டும் உச்சரிக்க முடிவதில்லை. அது எச்.ஐ.வி. அவருடைய வாயை அடைத்தவர்கள் வேறு யாருமல்லர்; நாமே. அந்த மௌனம் இன்று முதியவர்களின் உடலுக்கே ஊறு செய்கிறது என்பதைத்தான் இங்கே சொல்ல வந்தோம்.

எச்.ஐ.வி. உள்ளவர்களில் முதியவர்களா என்று வாசகர் வியக்கலாம். இந்தியாவில் இக்கிருமித் தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-இல், நம் சென்னையில். அன்று அது சாவோலையாகவே கருதப்பட்டது. 2004 ஏப்ரல் முதல் நாள் நடுவண் அரசு கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாக வழங்கத் தொடங்கியது. முதலில் தொடங்கிய மையங்களுள் தாம்பரம் அரசு மருத்துவமனையும் ஒன்று. அன்று நாற்பது வயதில் மருந்தைத் தொடங்கியவர் இன்று அறுபதைக் கடந்துவிட்டார். அவர் இறக்கவில்லை, மூப்படைந்திருக்கிறார். மூப்போடு வரும் சர்க்கரை நோய் அவருக்கும் வருகிறது. வயதும் குடும்ப வழியும் உடற்பருமனும் நம்மைப் போலவே அவருக்கும் காரணங்கள். அவற்றோடு, கிருமியால் உடலில் நீடிக்கும் அழற்சியும், முற்காலத்தில் தரப்பட்ட ஸ்டாவுடின், சிடோவுடின் போன்ற மருந்துகள் விட்டுச்சென்ற தடங்களும் சேர்ந்துகொள்கின்றன.

ஒரு தாயின் கதையை, அவருடைய இசைவோடு, அடையாளங்களை மாற்றி எழுதுகிறோம். கணவர் வழியாகக் கிருமி பெற்ற கைம்பெண் அவர். கூட்டு மருந்தை வெளியூர் அரசு மையத்தில் வாங்கிக்கொள்கிறார். சர்க்கரைக்கோ, பங்கு மக்கள் பாதிப்பேர் செல்லும் உள்ளூர் மருத்துவரிடம் செல்கிறார். இரண்டு ஊர், இரண்டு சீட்டு, ஓர் உடல். சர்க்கரை அடங்கவில்லை என்று மருத்துவர் மெட்ஃபார்மின் மாத்திரையை நாளொன்றுக்கு 2000 மில்லிகிராம் வரை உயர்த்தினார். அவர்மீது குற்றமில்லை, மற்றொரு சீட்டை அவர் கண்டதேயில்லை. வாந்தியும் வயிற்றுப்போக்குமாக அந்தத் தாய் படுக்கையில் விழுந்தபோதுதான் நம்மிடம் வாய்திறந்தார். "டாக்டரிடம் சொன்னால் நர்சுக்குத் தெரியும், சாமி. நர்சு நம்ம கோவில் பாடகர் குழுவில் இருக்கிற பிள்ளை. பேத்திக்கு வரன் பார்க்கிற நேரம்."

அவருடைய அச்சம் பொய்யென்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

நடந்தது என்ன? இன்று அரசு மையங்களில் பெரும்பாலோர்க்கு வழங்கப்படும் கூட்டு மாத்திரையில் டொலுடெக்ராவிர் என்னும் மருந்து உண்டு. மெட்ஃபார்மின் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதை அது குறைக்கிறது. அதனால் இரத்தத்தில் மெட்ஃபார்மின் மிகுகிறது. ஆகவே இரண்டையும் சேர்த்து உண்பவருக்கு மெட்ஃபார்மின் நாளொன்றுக்கு 1000 மில்லிகிராமுக்கு மேற்படாதிருப்பது நல்லது என்பது மருத்துவ நெறி. சிறுநீரகம் தளர்ந்த முதியவர்க்கு இன்னும் எச்சரிக்கை வேண்டும். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி. சோதனையும் இவர்களுள் சிலருக்கு உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம். வெறும் வயிற்றுச் சோதனையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எலும்புக்காக முதியவர்கள் உண்ணும் கால்சிய மாத்திரையைக் கூட்டு மருந்தோடு வெறும் வயிற்றில் உண்டால் கூட்டு மருந்தின் வலிமை குன்றும். இவையெல்லாம் மருத்துவர் எளிதில் சரிசெய்யக்கூடியவை. ஆனால் தமக்குச் சொல்லப்படாததை எந்த மருத்துவரும் சரிசெய்ய இயலாது.

இங்கே மூன்று மறுப்புகள் எழும் என்பதை அறிவோம்.

"அது பாவத்தால் வந்த நோய்" என்பது முதலாவது. பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டபோது சீடர்களும் இதையே கேட்டார்கள்: பாவம் செய்தவர் இவரா, பெற்றோரா? ஆண்டவர் அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டு அந்த மனிதரின் கண்களைத் தொட்டார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் சீடர்களின் கேள்வியிலேயே நிற்கிறோம். நாம் இளங்குருவாயிருந்த நாள்களில் எய்ட்சைத் தெய்வ தண்டனையென்று பீடத்தில் நின்று முழங்கியதுண்டு. அன்று கீழே அமர்ந்திருந்தவர்களுள் யார் தலைகுனிந்தார்களோ, நாம் அறியோம். இந்திய ஆயர் பேரவையின் நலவாழ்வு ஆணைக்குழு 2005-இலேயே பரிவையும் பராமரிப்பையும் வலியுறுத்தும் கொள்கையை வெளியிட்டது. அது எத்தனை பங்குகளின் அலமாரிகளில் தூங்குகிறது?

"செபித்தால் போதும், மாத்திரை வேண்டாம்" என்பது இரண்டாவது. குணமளிக்கும் கூட்டங்களில் மருந்தை எறிந்துவிட்டதாகச் சாட்சி சொல்வோர்க்குக் கைதட்டுகிறோம். சீராக் ஞானநூலின் 38-ஆம் அதிகாரம் மருத்துவரையும் மருந்தையும் இறைவனின் கொடையென்றே போற்றுகிறது. கூட்டு மருந்தை நிறுத்தினால் கிருமி மீண்டும் பெருகும். மாத்திரையை எறியச் சொல்பவர் விசுவாசத்தை வளர்க்கவில்லை, இறைவனைச் சோதிக்கிறார்.

"இது அவரவர் அந்தரங்கம், கோவிலுக்கு இதில் என்ன வேலை?" என்பது மூன்றாவது. அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. தம் நிலையை வெளியிடுமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்பது அதன் விதி. எவரும் கோவிலில் எழுந்து அறிக்கையிட வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. தம் மருத்துவரிடம் அச்சமின்றிச் சொல்லும் நிலை வேண்டும் என்றே கேட்கிறோம். இரகசியம் அவருடைய உரிமை. வெட்கமோ அவர் தோளில் நாம் ஏற்றிய சுமை.

அச்சுமையை இறக்க நம்மால் ஆவது உண்டு. பங்கின் மருத்துவ முகாமில் சர்க்கரை அளவைப் பெயர் சொல்லிக் கூவுவதை நிறுத்துவோம். ஒரு திரைச்சீலை கட்டுவோம். மருத்துவப் பணியிலிருக்கும் நம் பிள்ளைகளுக்கு நாவடக்கமும் ஓர் அறமென்று கற்பிப்போம். வரன் பேசும்போது பிறர் வீட்டு நோயைக் கிளறாதிருப்போம். தவக்காலத்தில் ஒருசந்திக் கடமை அறுபதாம் வயது தொடங்கியதும் முடிகிறது என்று திருச்சபைச் சட்டம் 1252 கூறுவதை முதியவர்களுக்கு எடுத்துச் சொல்வோம். சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டுப் பட்டினி கிடப்பது பக்தியாகாது. கால் மரத்துப்போனவர் வேளாங்கண்ணிக்கு வெறுங்காலோடு நடக்க நேர்ந்துகொண்டால், செருப்பணிந்து பேருந்தில் செல்லச் சொல்வோம். அன்னை கோபித்துக்கொள்ள மாட்டார்.

அந்தத் தாய் பின்னர் இரண்டு சீட்டுகளையும் ஒரே மேசையில் வைத்தார். மருத்துவர் ஒரு சொல்லும் கேளாமல் மாத்திரையின் அளவைக் குறைத்து எழுதினார். தாய் இப்போது நலமாயிருக்கிறார். ஆயினும் ஞாயிறுதோறும் பாடகர் குழு இருக்கும் பக்கத்தைத் தவிர்த்து, பின்வாசலருகே தூணோரமாகவே அமர்கிறார். மருத்துவர் தம் கடமையைச் செய்துவிட்டார். அவரைத் தூணோரத்திலிருந்து அழைத்து வரவேண்டியவர்கள் நாம்தான்.