மீன்தொட்டியும் மின்சாரமும்

வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து வண்ண மீன் வளர்ப்பது இன்று தனவந்தர்களுக்கு மட்டும் உரிய பொழுதுபோக்கன்று. சென்னைக் கொளத்தூரில் இத்தொழில் பல குடும்பங்களுக்கு ஜீவனோபாயமாய் விளங்குகிறது. இதை நாம் குறை கூறவில்லை. ஆனால் மீனோடு பம்பும், சூடேற்றியும், விளக்கும் வீட்டினுள் புகுகின்றன. இரவும் பகலும் நீரும் மின்சாரமும் அடுத்தடுத்து வசிக்கும் அவ்விடத்தில் குழந்தைகளும் கை வைக்கிறார்கள்.

தேசியக் குற்றப் பதிவேட்டு நிலையத்தின் கணக்குப்படி, 2021-ல் மட்டும் நம் தேசத்தில் மின்சாரம் தாக்கி மாண்டோர் 12,000-க்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் மீன்தொட்டியால் மாண்டவரல்லர் என்பது உண்மையே. ஆயினும் இவ்விஷயத்தில் நமக்குள்ள அசிரத்தையைத் தொட்டி தெளிவாகக் காட்டிவிடுகிறது.

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். நனைந்த உடலின் தடை சுமார் 1,000 ஓம் என்று கொண்டால், உடலில் பாய்வது 230 மில்லி ஆம்பியர். 10 மில்லி ஆம்பியர் அளவிலேயே பற்றிய கை விடாமல் இறுகக்கூடும். 30-ஐத் தாண்டி நீடித்தால் இருதயம் நிலைகுலையும் அபாயமுண்டு. வீட்டுப் பலகையிலுள்ள எம்.சி.பி.யோ 6 அல்லது 16 ஆம்பியரைத் தாண்டினால்தான் விழும். அது காப்பது கம்பியை, மனிதனை அன்று.

எர்த் இருக்கிறதே, அது போதாதா என்பர் சிலர். போதாது. தொட்டிச் சாதனங்கள் பலவற்றில் இரண்டு முள் பிளக்கே உண்டு. எர்த் கம்பி இல்லை. சூடேற்றியின் கண்ணாடி உடைந்தால் நீரில் மின்சாரம் ஏறி மௌனமாய்க் காத்திருக்கும். ஈரத் தரையில் நின்று கைவிடுபவரின் உடலே அதற்கு வழியாகும். நீரில் டைட்டேனியக் கம்பியொன்றை இட்டு எர்த்தோடு இணைப்பதுண்டு. ஆர்.சி.சி.பி. இருக்கும் வீட்டில் இது நல்ல யோசனை. கசிவு ஏற்பட்டவுடன், கை படுமுன்பே இணைப்பு அறுந்துவிடும். அச்சாதனம் இல்லாத வீட்டிலோ ஒரு கை நீரிலும், மறு கை பழுதுற்ற விளக்கின் உலோக மூடியிலும் பட்டால், எர்த்தான நீரே யமனுக்கு வழி காட்டும். ஆகவே முதலில் வேண்டியது ஆர்.சி.சி.பி. போகும் மின்சாரத்தையும் திரும்பும் மின்சாரத்தையும் ஒப்பிட்டு, 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் கண்டால் 0.3 விநாடிக்குள் அது இணைப்பை அறுக்கிறது.

அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் இவ்வகைச் சாதனமொன்றை 1961-ல் அமைத்தார். அந்நாட்டு விதித்தொகுப்பு 1971-ல் வீட்டு வெளிப்புற இணைப்புகளுக்கும், 1975-ல் குளியலறைகளுக்கும் அதை அவசியமாக்கிற்று. நம் மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ஆம் ஆண்டு விதிகளும் கசிவுக் காப்பை வற்புறுத்தின. ஆனால் சிறிய இணைப்புகளுக்கு விலக்களித்தன. 2023-ல் புதிய விதிகள் வந்தன. விதி புதிதானாலும், பழைய வீடுகளில் பலகையைத் திறந்து பார்ப்பவர் யார் என்று கேட்கிறோம். கிலோவாட் கணக்குப் பார்த்தா மரணம் வருகிறது? எளியவன் வீட்டு விளக்குக்கும் பணக்காரன் வீட்டுக் குளிர்சாதனத்துக்கும் வருவது அதே 230 வோல்ட்டன்றோ!

சர்க்கார் செய்ய வேண்டியது இரண்டு. இணைப்பு சிறிதாயினும் பெரிதாயினும் ஆர்.சி.சி.பி. இருத்தல் வேண்டும், ஏழைகளுக்கு அதன் கிரயத்தைச் சர்க்காரே ஏற்க வேண்டும். பழைய வீடுகளின் எர்த்தைச் சோதித்துச் சீர்ப்படுத்த வேண்டும். வெறும் துளையாகவே நிற்கும் மூன்றாம் முள் எவரையும் காவாது.

அதுவரை ஜனங்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. நீரில் கைவிடுமுன் பிளக்கைக் கழற்றுக. கம்பி வழியே நீர் பிளக்குக்குள் இறங்காதபடி, அது பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறுமாறு அமைக்க. ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க. ஊர்தோறுமுள்ள வாலிபர் சங்கங்கள் வீடு வீடாகச் சென்று இதை எடுத்துரைத்தால், அதுவும் தேச சேவையே. சுதந்திர தேசத்தில் ஒரு குழந்தை தன் வீட்டுக் கூடத்திலேயே அஞ்சாமல் விளையாட முடியவில்லையென்றால், அக்குறை விதியினுடையதன்று, நம்முடையது.