வீட்டுக்குள்ள பிட்காயின் மைனிங்: மெஷின் 40 டிகிரி தாங்கும், அப்பா தாங்குவாரா?

இன்பாக்ஸில் ஒரு தம்பி கேட்டிருந்தார். அடையாறில் ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட். வீட்டில் வயதான அம்மா, அப்பா. செகண்ட் ஹேண்டில் ஒரு பிட்காயின் மைனிங் மெஷின் வாங்கப் போகிறாராம்.

"டாக்டர், ஏசி ரூம்ல வச்சா ஹீட் பிராப்ளம் வராதுல்ல? அப்பாவுக்கு பிபி இருக்கு, சத்தத்தால ஏதாவது ஆகுமா?"

நல்ல கேள்வி. முக்கியமாக இரண்டாவது. மெஷின் வாங்குவதற்கு முன்னாடி அப்பாவை நினைத்தவருக்கு ஒரு சபாஷ். பதில் கொஞ்சம் நீளம் நண்பர்களே, பொறுமையா படிங்க.

கிரிப்டோ நல்லதா கெட்டதா, வாங்கலாமா விற்கலாமா என்பதெல்லாம் என் சப்ஜெக்ட் இல்லை. வெப்பமும் மனித உடம்பும் என் சப்ஜெக்ட். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஆண்ட்மைனர் எஸ்19 என்று ஒரு மெஷின். செகண்ட் ஹேண்டில் பலரும் தேடுவது இதைத்தான். ஷூ டப்பாவை விடக் கொஞ்சம் பெரிய அலுமினியப் பெட்டி, 14 கிலோ எடை. சாப்பிடும் மின்சாரம் 3250 வாட். இந்த மின்சாரம் முழுக்க கணக்குப் போடத்தான் செலவாகிறது. சரி, கணக்குப் போட்டு முடித்த மின்சாரம் எங்கே போகும்? முழுக்க வெப்பமாகத்தான் வெளியே வரும். 3250 வாட் உள்ளே போனால் 3250 வாட் சூடு வெளியே. இதில் தள்ளுபடி கிடையாது.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடம்பு சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியே விடும். அப்படியென்றால் உங்க வீட்டு பத்துக்குப் பத்து ரூமுக்குள் 32 பேரை ராத்திரி பகலாக உட்கார வைத்திருப்பதற்குச் சமம். வைகாசி முகூர்த்தத்தில் ஏசி ரிப்பேரான கல்யாண மண்டபம் எப்படி இருக்கும் என்று தி.நகர்வாசிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இப்போ உடம்புக்கு வருவோம்.

நம்ம உடம்பு தன்னைக் குளிர்வித்துக் கொள்ள இந்த ஊரில் ஒரே ஒரு வழிதான் உருப்படியாக வேலை செய்கிறது: வியர்வை. வியர்த்தால் மட்டும் போதாது, அது ஆவியாக வேண்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம் இருந்தால் ஆவியாகாது, வழிந்து ஓடும். பனியன் நனையும், உடம்பு குளிராது.

அதனால்தான் வெறும் டிகிரியை மட்டும் பார்க்காமல் 'ஈரக்குமிழ் வெப்பநிலை'யைப் பார்க்கிறோம். தெர்மாமீட்டரின் நுனியில் ஈரத்துணி சுற்றிப் பார்த்தால் வரும் அளவு அது. 35 டிகிரி ஈரக்குமிழ் வரை மனிதன் தாங்குவான் என்று ஒரு காலத்தில் சொல்லிக் கொண்டிருந்தார்கள். 2022ல் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமான இளைஞர்களையே வைத்துச் சோதித்தார்கள். ஈரப்பதம் அதிகமான சூழலில், சுமார் 30, 31 டிகிரி ஈரக்குமிழிலேயே அவர்கள் உடம்பின் உள்வெப்பம் கட்டுப்பாட்டை மீறி ஏற ஆரம்பித்துவிட்டது. அதுவும் லேசான வேலை செய்யும்போதே.

நம்ம ஊர்க் கணக்கைப் போட்டுப் பாருங்க. 34 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம். கடற்காற்று உள்ளே வந்த பிறகு மயிலாப்பூர், அடையாறு பக்கம் கோடையில் இது ஒன்றும் அதிசயமில்லை. ஈரக்குமிழ் சுமார் 29. கஷ்டம், ஆனால் ஃபேன் போட்டுச் சமாளிக்கலாம். இப்போ அதே காற்றை மெஷின் சூடாக்கி ரூமை 40 டிகிரிக்கு ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்க. ஈரக்குமிழ் சுமார் 31. இளவட்டங்களே தாங்காத எல்லையில் அப்பா படுத்திருப்பார்.

மெஷினுக்கு இதில் பெரிய கவலை கிடையாது. சுற்றியுள்ள காற்று 40 டிகிரி வரை இருந்தாலும் ஓடும் மாதிரிதான் அதைச் செய்திருக்கிறார்கள். யூடியூபில் வருகிற 'கூலிங் டிப்ஸ்' எல்லாம் மெஷினைக் காப்பாற்றத்தான். வீட்டில் இருக்கிற மனுஷங்களைக் காப்பாற்ற இல்லை. அதிலும் பாதி வீடியோ குளிர் நாட்டுக்காரர்கள் போடுவது. அங்கே மைனிங் மெஷின் என்பது காசு தரும் ரூம் ஹீட்டர். நார்வேயில் கிரிப்டோவால்ட் என்கிற நிறுவனம் மைனிங் சூட்டில் மரக்கட்டையைக் காய வைத்தது. நமக்கு வடாம் காய மொட்டை மாடி வெயிலே தாராளம்.

சரி, ஏசி போட்டா?

3250 வாட் சூட்டை வெளியே தள்ளவே கிட்டத்தட்ட ஒரு டன் ஏசி முழுசாகத் தேவை. அதற்கு மேல்தான் சுவரின் சூடு, ஜன்னல் வெயில், மனிதர்கள் எல்லாம். அந்த ஒரு டன் ஏசி மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். அதுவும் விடிய விடிய, நிற்காமல். வீட்டு ஏசியை நாம் போட்டுப் போட்டு நிறுத்துவோம். கம்ப்ரசருக்கு நடுவில் ஓய்வு கிடைக்கும். இங்கே அந்த ஓய்வும் இல்லை. நம்ம பக்கம் கடல் உப்புக்காற்று வேறு. சாந்தோம், பெசன்ட் நகர்வாசிகள் அவுட்டோர் யூனிட்டின் காயில் அரித்துப் போய் கேஸ் லீக் ஆன கதையை ஆளுக்கு ஒன்று வைத்திருப்பார்கள்.

என் கருத்தைப் பட்டென்று சொல்லிவிடுகிறேன். மைனிங் மெஷினுக்கு ஏசி போடுவது, நெருப்பு வைத்துக்கொண்டே விசிறுவது. சூடான காற்றை ரூமுக்குள் கலக்கவே விடாமல் நேராக வெளியே அனுப்புவதுதான் சரியான முறை. மெஷினின் பின்பக்கத்தில் ஒரு ஹோஸ், அது ஜன்னல் வழியாக வெளியே. எவ்வளவு சின்னதா, வளைவில்லாமல் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. வெளியே போகிற அளவு காற்று உள்ளே வரவும் இன்னொரு வழி வேண்டும். கதவை இறுக்கிச் சாத்திவிட்டால் ஃபேன் என்ன செய்யும், பாவம்? பால்கனியோ, காற்றோட்டமுள்ள யூட்டிலிட்டியோ இருந்தால் மெஷினை அங்கேயே வைத்துவிடலாம். மழை படக்கூடாது.

ஏர் கூலர் வாங்கி மெஷின் முன்னால் வைக்கலாமா என்று ஒருத்தர் கேட்பார். வேண்டாங்க. ராஜஸ்தானில் வேலை செய்கிற சாமான் அது. இங்கே ஏற்கெனவே ஈரமான காற்றில் இன்னும் ஈரத்தைச் சேர்க்கும். போர்டில் துரு, மனிதனுக்குப் புழுக்கம்.

ஹோஸை எங்கே விடுகிறீர்கள் என்பதும் முக்கியம். நம்ம ஃப்ளாட்களில் நடுவில் ஓடிஎஸ் என்று ஒரு சந்து இருக்கும். எல்லார் வீட்டு கிச்சன், பாத்ரூம் ஜன்னலும் அதைப் பார்த்துத்தான். அதில் 3250 வாட் சூட்டை இறக்கினால் மேல் வீட்டு மாமி அடுப்பு பற்ற வைக்காமலே வெந்து போவார். அசோசியேஷன் மீட்டிங்கில் உங்களுக்கு நல்ல பெயர் கிடைக்காது.

மெஷினின் பவரைக் குறைத்து ஓட்டுவது பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. உண்மையான சிக்கனம் அங்கேதான் இருக்கிறது. சிப்பின் வேகத்தையும் வோல்டேஜையும் கொஞ்சம் இறக்கினால், வேலை குறைவதை விட மின்சாரமும் சூடும் அதிகமாகக் குறையும். மருந்தில் நாங்க சொல்கிற மாதிரிதான்: டோஸை இரட்டிப்பாக்கினால் பலன் இரட்டிப்பாகாது, பக்கவிளைவு மட்டும் ஏறும். கிராஃபிக்ஸ் கார்டு வைத்து ஓட்டுகிறவர்களுக்கும் இதே கதைதான். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங்கையே கைவிட்ட பிறகு அந்தக் கூட்டம் குறைந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

தூசி. மெட்ரோ வேலை நடக்கிற தெருவில் குடியிருந்தால் மாதம் ஒரு முறையல்ல, வாரம் ஒரு முறை ஃபில்டர் தட்ட வேண்டும். தரைத்தளமாக இருந்தால் மெஷின் தரையில் இருக்கவே கூடாது. 2015 டிசம்பரை அடையாறுக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

இப்போ அப்பாவின் பிபிக்கு வருவோம். இந்த மெஷினின் சத்தம் 75 டெசிபல். மிக்ஸி அளவுக்குக் கிடையாது, ஆனால் மிக்ஸி இரண்டு நிமிஷம், இது 24 மணி நேரம். நல்ல தூக்கத்துக்கு பெட்ரூமில் 30 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம்ம நாட்டு ஒலி மாசு விதிகளே குடியிருப்புப் பகுதியில் இரவு 45 டெசிபலைத்தான் அனுமதிக்கின்றன. ராத்திரி சத்தம் தொடர்ந்து கேட்டால் முழிப்பு வராவிட்டாலும் ஆழ்ந்த தூக்கம் கலையும், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். ஆக, தம்பி கேட்ட இரண்டாவது கேள்விக்குப் பதில்: ஆமாம், ஆகும்.

வயரிங். 3250 வாட் என்றால் 14 ஆம்பியர். ஹாலில் இருக்கிற 16 ஆம்பியர் பவர் பிளக் தாங்குமே என்று தோன்றும். கீசர் பத்து நிமிஷம் இழுக்கும், சரி. நாள் கணக்கில் 14 ஆம்பியர் இழுத்தால் லேசாக லூஸான ஒரு ஸ்க்ரூ போதும், பிளக் பழுத்துவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பேச்சே வேண்டாம். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு டிபி பாக்ஸிலிருந்து 4 ஸ்கொயர் காப்பர் வயரில் தனி லைன், தனி எம்சிபி, ஒழுங்கான எர்த். மயிலாப்பூரில் 40 வருஷப் பழைய ஃப்ளாட் என்றால் முதலில் மெயின் வயரைப் பார்க்கச் சொல்லுங்க. பல வருஷமாக யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

மலேசியாவின் மிரி நகரத்தில் 2021 ஜூலையில் 1,069 மைனிங் மெஷின்களை ரோடு ரோலர் ஏற்றி நசுக்கினார்கள். பார்த்திருப்பீங்க, வைரலான வீடியோ. மின்சாரத்தைத் திருடி ஓட்டியவை. பலரும் சிரித்துவிட்டு நகர்ந்தோம். அந்தத் திருட்டு இணைப்புகளால் அங்கே மூன்று வீடுகள் எரிந்து போயிருந்தன என்று போலீஸ் சொன்னது அவ்வளவாகப் பரவவில்லை. உங்க லைன் முறையான லைன்தான். ஆனால் ஓவர்லோடில் சூடாகும் வயருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இவ்வளவும் செய்தால் காசாவது வருமா?

எஸ்19 ஒரு நாளைக்கு 78 யூனிட். ஈபி பில் வரும் 60 நாளைக்கு 4,680 யூனிட். 2024 ஜூலை கட்டணப்படி 1000 யூனிட்டுக்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும் 11 ரூபாய் 80 காசு. இலவச 100 யூனிட்டைக் கழித்தும் மெஷினுக்கு மட்டும் பில் 50,000 ரூபாயைத் தாண்டும். ஏசியைச் சேர்த்தால் இன்னும் ஒரு 15,000.

வரவு? 2024 ஏப்ரலில் ஒரு பிளாக்குக்கான பரிசு பாதியாகி 3.125 பிட்காயின் ஆகிவிட்டது. உலகத்தில் இருக்கும் மொத்த மைனிங் திறன் 800 எக்ஸாஹாஷ் என்றும், உங்க மெஷின் 95 டெராஹாஷ் என்றும் வைத்தால் 60 நாளில் கிடைப்பது சுமார் 0.0032 பிட்காயின். ஒரு பிட்காயின் ஒரு கோடி ரூபாய் என்று தாராளமாகவே போட்டாலும் 32,000 ரூபாய். 50,000 கட்டி 32,000 வாங்குகிறோம்.

கதை அதோடு முடியவில்லை. கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. மைனிங்குக்காகப் போட்ட கட்டமைப்புச் செலவைக் கழிக்க முடியாது என்று 2022 மார்ச்சில் மக்களவையிலேயே நிதித்துறை இணையமைச்சர் பதில் சொல்லிவிட்டார். நஷ்டத்தை வேறு வருமானத்தில் ஈடு கட்டவும் வழியில்லை. உங்க ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்க. அவர் என்னை விட மோசமாகப் பயமுறுத்துவார்.

இதைக் கற்றுக்கொள்ளும் ஆசையில் செய்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர்களுக்கு பிட்ஆக்ஸ் என்று உள்ளங்கை அளவில் ஒரு போர்டு வருகிறது. சுமார் 15 வாட், டியூப்லைட்டை விடக் குறைவு. இரண்டு மாதத்துக்கு 22 யூனிட். அது தனியாக ஒரு பிளாக் கண்டுபிடிக்க சராசரியாக 12,000 வருஷத்துக்கு மேல் ஆகும், ஆனால் அப்பா நிம்மதியாகத் தூங்குவார். மைனிங் எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள அது போதும். தம்பிக்கு நான் சொன்னதும் அதுதான்: எஸ்19 வேண்டாம், இதை வாங்குங்க.

ஏற்கெனவே பெரிய மெஷின் வாங்கி ஓட்டிக் கொண்டிருக்கிறவர்கள், வீட்டில் பெரியவர்கள் சாப்பிடும் மாத்திரைகளை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. பிபிக்கும் இதயத்துக்கும் தரும் சில மாத்திரைகள், நீர் பிரியும் மாத்திரை, மனநல மருந்துகளில் சில, உடம்பு சூட்டைச் சமாளிக்கும் திறனைக் குறைக்கும். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீங்க, உங்க டாக்டரிடம் பேசுங்க. வயதானால் தாகமும் சரியாகத் தெரியாது. "தண்ணி வேணுமா?" என்று கேட்காமல் டம்ளரைக் கையில் கொடுங்க. அவர்கள் படுக்கும் ரூமில் 200 ரூபாய்க்கு ஒரு தெர்மாமீட்டர் மாட்டுங்க. மெஷினின் டெம்பரேச்சரை மொபைலில் பத்து தடவை பார்க்கிறோம், இதையும் பார்க்கலாம்.

சூடான ரூமில் இருந்தவர் திடீரென்று குழறிப் பேசினாலோ, ஆள் அடையாளம் தெரியாமல் தடுமாறினாலோ, உடம்பு கொதித்தாலோ அது வெறும் அசதி இல்லை, ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். 108க்கு போன் போடுங்க. ஆம்புலன்ஸ் வரும் வரை காத்திருக்காமல் சட்டையைத் தளர்த்தி, உடம்பு முழுக்க தண்ணீர் ஊற்றி, ஃபேனுக்கு நேராகப் படுக்க வையுங்க. கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வைக்கலாம். நினைவு சரியில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீங்க. பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது, கொடுக்காதீங்க.