ஒலிபெருக்கி ஒன்று, குரல்கள் பல

பகிர்ந்துண்ணலின் சிறப்பைப் பேசாத பள்ளி மேடை இல்லை. ஓர் இட்டிலியை இருவர் பகிர்வது எப்படி என்று கேட்டால், ஒன்றாம் வகுப்புச் சிறுமியும் பிட்டுக் காட்டிவிடுவாள். ஆனால் ஒலியைப் பகிர்வது எப்படி? ஒரு ஸ்பீக்கரைப் பாதியாகப் பிட முடியாது. இருவர் ஒரே நேரத்தில் அதில் பேசினால் இருவர் பேச்சும் கெடும்; ஒருவரே பேசிக்கொண்டிருந்தால் மற்றவர் ஊமையாவார். இந்தச் சிக்கலைப் பற்றி நம் கருத்தை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ராஸ்பெர்ரி பை என்னும் ஒற்றைப் பலகைக் கணினியை நம் தோழியருள் பலர் கண்டிருப்பர். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்தார் 2012ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அன்று விலை 35 டாலர். ஏ.டி.எம். அட்டையின் நீள அகலம்தான். கணினிக்கு வேண்டிய உறுப்புகள் யாவும் அந்த ஒரே பலகையின் மேல் அமர்ந்துள்ளன. மின்சாரமும் மிகக் குறைவாகவே செலவாகும். ஆகவே மணி ஒலிக்க, பாட்டு ஒலிபரப்ப, பாடக் காணொலி காட்ட, வானொலிச் செய்தி கேட்க, எல்லாவற்றுக்கும் இந்த ஒன்றையே வைத்துக்கொள்ளலாமே என்ற ஆசை எழுகிறது. ஆசை நியாயமானதே. மென்பொருள்களைப் பத்தும் நிறுவலாம், இருபதும் நிறுவலாம். ஆனால் அவை அத்தனையும் பேச வேண்டியது ஒரே ஸ்பீக்கர் வழியாக அன்றோ?

நம் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. ஆடி மாதம் பிறந்துவிட்டால் தெருமுனையில் மைக் செட்காரர் ஒரு மேசையைப் போட்டு அமர்ந்துவிடுவார். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். கூழ் வார்க்கும் நேரத்தை அறிவிக்க விழாக்குழுவினர் ஒருவர் வருவார். கூட்டத்தில் குழந்தையைத் தவறவிட்ட தாய் ஒருத்தி பதறிக்கொண்டு ஓடி வருவாள். மைக் செட்காரர் கை ஆம்ப்ளிஃபையரின் குமிழை மெல்லத் திருகும்; பாட்டு தாழும், தாயின் குரல் தெருவெங்கும் எழும், அவள் சொல்லி முடித்ததும் பாட்டு பழையபடி உயரும். யாருக்கு எப்போது இடம் தரவேண்டும் என்று அவருக்கு ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை. அவருக்குத் தெரியும்.

ரயில் நிலையத்தில் வேறொரு முறையைக் காண்கிறோம். செங்கற்பட்டு போகும் வண்டியும் கடற்கரை போகும் வண்டியும் ஒரே சமயத்தில் வந்தாலும், அவற்றின் அறிவிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதில்லை. ஒன்று தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் முடிந்த பின்னரே மற்றொன்று தொடங்கும். தெருமுனையில் தாழ்த்துதல், நிலையத்தில் வரிசை. இரண்டும் நல்ல முறைகளே.

கணினியில் ஒருவரும் ஏற்பாடு செய்யாவிட்டால் என்ன நடக்கும்? முந்தியவளுக்கே இருக்கை. ராஸ்பெர்ரி பையில் ஓடுவது லினக்ஸ் இயங்குதளம். லினக்ஸில் ஒலிக் கருவியை நேரடியாக ஆள்வது ஆல்சா என்னும் அடித்தளம். 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6ஆம் பதிப்பிலிருந்து இதுவே முறையான ஒலி அமைப்பு. ஒரு மென்பொருள் ஒலிக் கருவியை நேரே திறந்துவிட்டால், பெரும்பாலான யு.எஸ்.பி. ஒலிக் கருவிகளில் வேறெவரும் நுழைய முடியாது. அடுத்து வருகிறவருக்கு, “கருவி வேறு வேலையில் உள்ளது” என்ற பொருளில் ஒரு வரி கிடைக்கும். பல நேரங்களில் அதுகூடக் கிடைப்பதில்லை, வெறும் மௌனந்தான். காணொலியில் ஆசிரியர் வாயசைப்பார், சத்தம் வராது. ஸ்பீக்கர் பழுது என்று எண்ணி ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகுவோம். பழுது ஒன்றுமில்லை. எப்போதோ நிறுத்தி வைத்த பாட்டு மென்பொருள் ஒலிக் கருவியைக் கையில் பிடித்தபடியே இருக்கும்.

அப்படியானால் எல்லாக் குரல்களையும் கலந்து அனுப்பிவிடலாமே என்பர். கலக்கலாம். ஆல்சாவிலேயே டிமிக்ஸ் என்னும் கலக்கும் பகுதி உண்டு. கணினிக்கு ஒலி என்பது எண்களின் வரிசை. இசைத்தட்டில் ஒரு வினாடிக்கு 44,100 எண்கள். காணொலியில் பெரும்பாலும் 48,000. இரண்டையும் கலக்க, முதலில் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து, பிறகு கூட்ட வேண்டும். நாம் இரண்டாம் வகுப்பில் கற்ற அதே கூட்டல்தான்! ஆனால் 16 பிட் ஒலியில் எண்ணின் உச்சம் 32,767. ஒரு குரல் 20,000, மற்றொன்றும் 20,000 என்றால் கூட்டுத்தொகை 40,000. உச்சத்தைத் தாண்டியது வெட்டப்படும். காதுக்குக் கரகரப்பு கேட்கும். இரண்டையும் பாதியாக்கிக் கூட்டினால் கரகரப்பு நீங்கும், ஆனால் சத்தம் குறையும். கணக்கு இவ்வாறு ஒருவழியாகச் சரிக்கட்டப்பட்டாலும், வரலாற்றுப் பாடமும் சினிமாப் பாட்டும் ஒருசேர ஒலித்தால் பாடம் புரியுமா? கலத்தலைப் பகிர்தல் என்று ஒப்புக்கொள்ள நம்மால் இயலவில்லை.

அறிஞர்கள் இதற்கு நல்ல வழி கண்டிருக்கின்றனர். ஒலிக் கருவியைத் தானே வைத்துக்கொண்டு, மற்ற மென்பொருள்களின் குரல்களை வாங்கி அனுப்பும் இடைநிலைக் காவலர் ஒருவரை அமர்த்துவதே அவ்வழி. 2004இல் தொடங்கப்பட்டு, பின்னர் பல்ஸ்ஆடியோ என்று பெயர் பெற்றது அத்தகைய ஒன்று. ராஸ்பெர்ரி பையின் இயங்குதளம் 2020 டிசம்பரில் அதனை ஏற்றது. 2023 அக்டோபரில் வந்த பதிப்பில் அதனிடத்தைப் பைப்வயர் என்னும் புதியவர் பெற்றார். பல்ஸ்ஆடியோவிடம் ஒரு நல்ல குணம் உண்டு. 5 வினாடிகள் யாரும் பேசாவிட்டால் ஒலிக் கருவியைத் தானே விட்டுவிடும். கோடி என்னும் படம் காட்டும் மென்பொருளோ, ஒலி நின்ற பின்னும் சாதாரணமாக ஒரு நிமிடம் கருவியைப் பிடித்திருக்கும். அந்நேரத்தை மாற்றும் வசதி அதன் அமைப்புப் பக்கத்திலேயே இருக்கிறது. விருந்துண்டு முடித்த பின்னும் இலையை விட்டு எழாதவரை நம் வீடுகளில் பாட்டிமார் என்ன சொல்வர் என்பது யாவரும் அறிந்ததே.

காவலர் இருந்தும் சண்டை தீராத இடம் ஒன்றுண்டு. லினக்ஸில் ஒவ்வொரு மென்பொருளும் ஏதோ ஒரு பயனர் பெயரில் ஓடும். பின்னணியில் பாட்டு ஒலிபரப்பும் எம்.பி.டி. போன்ற மென்பொருள் பெரும்பாலும் தனக்கென ஒரு பெயரில் ஓடும். திரைமுன் அமர்ந்திருக்கும் மாணவியோ வேறு பெயரில் நுழைந்திருப்பாள். காவலர் அவளுடைய வீட்டுக் காவலர். அடுத்த வீட்டார் குரலைக் கேட்க மாட்டார். அவர்கள் ஒலிக் கருவியை நேரே பிடிக்க முயல்வர், மீண்டும் பழைய கதைதான். இதற்கு மருந்து உண்டு. ஒரே காவலர்தான் என்று முடிவு செய்து, மற்ற மென்பொருள்கள் அனைத்தும் கணினிக்குள்ளேயே உள்ள வலைவழியாகத் தம் குரலை அவரிடம் ஒப்படைக்குமாறு அமைத்துவிடலாம். சில வரிகளை எழுதினால் போதும். அதிகாலையில் ஓடும் பாட்டும், வகுப்பில் ஓடும் காணொலியும் அதன்பின் ஒரே வாசலில் நிற்கும். ஆனால் வாசலில் நிற்பவருள் யாரை முதலில் விடுவது? அதைக் கணினி சொல்லாது.

இங்கேதான் நம் ஊர்ச் சாலையை நினைத்துக்கொள்கிறோம். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையில் ஷிப்டு மாறும் வேளைகளில் கம்பெனிப் பேருந்துகள் வரிசையாக ஓடுகின்றன. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் கைப்பேசிகளைப் பூட்டி இணைப்பவருள் மிகப் பலர் இளம்பெண்கள். நம்முள் சிலருடைய அக்காமாரும் இருக்கக்கூடும். அந்தக் கைப்பேசியில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்தால் பாட்டு தானே நிற்கிறது. வழிகாட்டும் குரல் எழுந்தால் பாட்டு தானே தாழ்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் 2010ஆம் ஆண்டிலேயே இதற்கான விதியை வகுத்தனர். 2017இல் வந்த 8ஆம் பதிப்பு முதல் தாழ்த்தும் வேலையை இயங்குதளமே செய்கிறது. மைக் செட்காரரின் கை அதற்குள் புகுந்துகொண்டது எனலாம். ஆனால் எந்தக் குரல் உயர்ந்தது என்பதை முடிவு செய்தவர்கள் எங்கோ தொலைவில் இருக்கின்றனர். கைப்பேசியை இணைத்த கைகளுக்கும் வாங்கிய கைகளுக்கும் அதில் பங்கில்லை. ஒற்றைப் பலகைக் கணினியில் அப்படியன்று. விதியை நாமே எழுதலாம். எழுதாமல் விட்டால், முந்தியவர் பிடித்துக்கொள்வது அல்லது எல்லாம் கலந்து கூச்சலாவது, இவ்விரண்டில் ஒன்றே விதியாகிவிடும்.

இதில் யாருக்கு இழப்பு என்று கேட்கலாம். பாட்டு நின்றால் நமக்குப் பெரிய நட்டம் இல்லை, சிறிது முணுமுணுப்போம். ஆனால் கண்பார்வை இல்லாத ஒரு தோழியை எண்ணிப் பாருங்கள். அவள் கணினியைக் காதால் பார்க்கிறாள். லினக்ஸில் ஓர்கா என்னும் திரை வாசிப்பான் உண்டு. திரையில் உள்ளதை அது எடுத்துச் சொல்லும். ஈஸ்பீக் என்னும் குரல் அதற்குத் துணை. அது தமிழும் பேசும். இயந்திரத் தமிழ்தான், ழகரத்தை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம், பழகினால் புரியும். யாரோ ஓடவிட்ட ஒரு காணொலி ஒலிக் கருவியைப் பிடித்துக்கொண்டால், நமக்குச் சத்தம் மட்டுமே போகிறது. அவளுக்குத் திரையே அணைந்துவிடுகிறது. எந்தப் பட்டனில் இருக்கிறோம், எழுதியது என்ன, பிழை எங்கே, ஒன்றும் தெரியாது. அதுமட்டுமன்று, சத்தம் ஏன் போனது என்று சொல்ல வேண்டிய குரலே போய்விட்டது. அவள் தானாக அதைச் சரிசெய்யவும் வழியில்லை.

ஆகவே நம் கருத்து இதுதான்: பொதுக் கணினி எதுவாயினும், திரை வாசிப்பானின் குரலை எதுவும் அடைக்கக் கூடாது. அபாய அறிவிப்பு ஒன்றே அதற்கு மேல். பாடக் காணொலி அதற்குக் கீழே, பாட்டு அதற்கும் கீழே. திரை வாசிப்பான் பேசும்போது காணொலி தாழட்டும். அபாய அறிவிப்பு வந்தால் எல்லாம் நிற்கட்டும். இத்தகைய தாழ்த்தலுக்கும் நிறுத்தலுக்கும் பல்ஸ்ஆடியோவில் தனித்தனிப் பகுதிகளே உள்ளன. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

“இன்னொரு ஸ்பீக்கர் வாங்கிவிட்டால் போயிற்று, இதற்கு ஏன் இத்தனை எழுத்து?” என்பாரும் உளர். ஓர் அறையில் இரு ஸ்பீக்கர்கள் இரு விதமாக ஒலித்தால், கலக்கும் வேலை கணினியிலிருந்து காற்றுக்கு மாறுகிறது, அவ்வளவே. பள்ளிகளைச் சுற்றி 100 மீட்டர் தூரத்தை அமைதிப் பகுதியாகக் கொள்ளலாம் என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் கூறுகின்றன. வெளியாரை அமைதி காக்கச் சொல்லிவிட்டு உள்ளே நாம் இரண்டு ஸ்பீக்கர் வைப்பதா? அந்தத் தோழிக்குத் தனி ஹெட்ஃபோன் கொடுக்கலாம் என்பது இதைவிட நல்ல யோசனை. 2023இல் வந்த ராஸ்பெர்ரி பை 5இல் ஹெட்ஃபோன் துளையே இல்லை, யு.எஸ்.பி. ஹெட்ஃபோன் வேண்டும். அது கொடுக்கப்படட்டும். ஆனால் எந்தக் குரல் ஹெட்ஃபோனுக்குப் போக வேண்டும், எது ஸ்பீக்கருக்கு என்று சொல்ல அங்கும் ஒரு விதி வேண்டும். அல்லாவிடில் சினிமாப் பாட்டு அவள் காதுக்குள்ளும், திரை வாசிப்பானின் பேச்சு வகுப்பு முழுவதற்குமாகப் போய்ச் சேரும்!

நம் முன்னோருக்கு இருந்தது இதற்கு நேர்மாறான கவலை. சென்னை மாநகராட்சி 1930இல் வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியபோது குரல் ஒன்றுதான். அதைக் கேட்க வானொலிப் பெட்டி இல்லாதவர் பல்லாயிரம். ஆகவே கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து எல்லாருக்கும் கேட்கச் செய்தனர். பிற்காலத்தில் ஊராட்சி வானொலியைச் சுற்றிக் கிராமமே கூடியது. எந்த நேரத்தில் எந்த நிகழ்ச்சி என்பது நிலையத்தாரால் முன்கூட்டியே அச்சிடப்பட்டுவிடும். நமக்கோ நிலையமும் நாமே, நிகழ்ச்சி நிரல் எழுதுவோரும் நாமே.

எனவே ஒலி வரிசையை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கணினி அறைச் சுவரில் ஒட்ட வேண்டும் என்பது நம் வேண்டுகோள். அமைப்புக் கோப்பைத் திருத்தத் தெரிந்த இருவர் மட்டுமே அறிந்த இரகசியமாக அது இருத்தல் ஆகாது. ஆண்டுதோறும் மூத்த வகுப்பார் பள்ளியை விட்டுச் செல்கின்றனர். அவர்களுடன் அந்த அறிவும் போய்விடும். தாளைப் படித்துவிட்டு ஏழாம் வகுப்புச் சிறுமியும், “பாட்டு ஏன் மணிக்கு மேலே இருக்கிறது?” என்று கேட்கட்டும். வரிசையில் நமக்குள்ளேயே இன்னும் இணக்கம் ஏற்படாத இடம் ஒன்று இருக்கிறது: பாடவேளை மணி. திரை வாசிப்பான் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருக்கும்போது மணி ஒலிக்கலாமா, அல்லது வாக்கியம் முடியும்வரை இரண்டு மூன்று வினாடிகள் காத்திருக்கலாமா? நம்முள் பாதிப்பேர், மணி என்றால் மணிதான் என்கின்றனர். மீதிப்பேர், ரயில் நிலையத்தைப் போல் வரிசையில் நிற்கட்டும் என்கின்றனர். திரை வாசிப்பானைப் பயன்படுத்தும் தோழியரையே கேட்டு இதை முடிவு செய்வது என்று வைத்திருக்கிறோம்.