ஆஸ்பத்திரி வேலை நிலையான வேலையா?

"தறிக்கு லீவு உண்டு. ஆஸ்பத்திரிக்கு லீவு உண்டா, கண்ணு?"

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்தில் மகளை நர்சுப் படிப்பில் சேர்க்கும் தகப்பனார் இப்படித்தான் கணக்குப் போடுகிறார். கணக்கில் நியாயம் இருக்கிறது. 2016 நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. வாரக் கூலி கொடுக்கச் சில்லறை இல்லாமல் தறிப் பட்டறைகள் திணறின. 2020 மார்ச் 25-ந் தேதி ஊரடங்கு வந்தது. தறி ஓசையே அடங்கிப் போயிற்று. நாமக்கல் லாரிகள் பல ஷெட்டில் நின்றன. கோழி தின்றால் கொரோனா வரும் என்று எவனோ கிளப்பிய புரளியில் முட்டை விலை அதற்கு முன்பே சரிந்திருந்தது.

அப்போது கதவு திறந்திருந்த இடம் ஆஸ்பத்திரி ஒன்றுதான். ஆள் வேண்டும், ஆள் வேண்டும் என்று கூப்பிட்டதும் அதுதான்.

கூப்பிட்டார்கள், போனார்கள்

தமிழக அரசு 2020-ல் 2 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நர்சுகளைத் தற்காலிகமாக வேலைக்கு எடுத்தது. மாதம் 14 ஆயிரம் ரூபாய் சம்பளம். பெற்ற பிள்ளையே பக்கத்தில் போகப் பயந்த நோயாளியை இந்தப் பெண்கள் தொட்டுத் தூக்கினார்கள். உடம்பு முழுவதும் மூடிய அங்கி. அதைப் போட்டுவிட்டால் தண்ணீர் குடிக்கவும் முடியாது.

நோய் தணிந்தது. 2022 டிசம்பர் 31-ந் தேதியோடு வேலை இல்லை என்று உத்தரவு வந்தது. 2023 புத்தாண்டு பிறந்தபோது அவர்கள் சேலத்தில் தெருவில் உட்கார்ந்து போராடிக்கொண்டிருந்தார்கள்.

அவசரத்துக்காக எடுத்தவர்கள், முறைப்படி தேர்வு செய்யப்பட்டவர்கள் அல்ல என்றது அரசு. விதி அப்படி இருக்கலாம். ஆனால் கூப்பிடும்போது பார்க்காத விதியை, அனுப்பும்போது மட்டும் பார்ப்பது என்ன நியாயம்?

சரி, முறைப்படி பரீட்சை எழுதி வந்தவர்களாவது நிம்மதியாக இருந்தார்களா? 2015-ல் தேர்வு வாரியம் மூலம் வந்த நர்சுகளுக்குச் சம்பளம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்று நம்பியிருந்தார்கள். 2017 நவம்பரில் அவர்களும் சென்னையில் போராட்டத்தில் உட்கார வேண்டி வந்தது.

வேலை இல்லாமலா அனுப்பினார்கள்? வேலை மலைபோலக் கிடக்கிறது! பொது வார்டில் 5 நோயாளிக்கு ஒரு நர்சு, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் 3 நோயாளிக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லும் அளவு. சேலம் பெரியாஸ்பத்திரி வார்டுக்குள் ஒரு முறை போய் எண்ணிப் பார்த்தால் தெரியும். நாமக்கல்லில் புது மருத்துவக் கல்லூரி திறந்தது 2022 ஜனவரியில். அதே ஆண்டு முடியும்போதுதான் கையில் இருந்த நர்சுகளை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஆண்பிள்ளைகள் கதையும் இதுதான். உலகமெங்கும் தொழில் படுத்த 2008-ல், செப்டம்பர் 15-ந் தேதி, தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் ஓட ஆரம்பித்தது. ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு அதில் வேலை கிடைத்தது. உயிர் காக்கும் வேலை. ஆனால் அவர்கள் அரசு ஊழியர்கள் அல்ல. அரசிடம் ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்தின் ஆட்கள்.

பணம் கட்டுமுன்

இதனால் நர்சுப் படிப்பே வேண்டாம் என்பதல்ல. நல்ல படிப்பு. ஆனால் தறிக்கு வாங்கிய முன்பணமே அடையாத வீட்டில், இன்னொரு கடன் வாங்கிக் கட்டும் பணம் அல்லவா? எங்கே கட்டுகிறோம் என்று பார்க்க வேண்டும்.

"ஒரே வருஷத்தில் நர்சு" என்று சுவரில் எழுதியிருப்பதை நம்பக்கூடாது. துணை நர்சுப் படிப்பு 2 ஆண்டு. டிப்ளமா 3 ஆண்டு. பட்டம் 4 ஆண்டு. முடித்தவர் பெயர் தமிழ்நாடு நர்சுகள் கவுன்சிலில் பதிவாக வேண்டும். பதிவு இல்லாவிட்டால் அரசு வேலைக்கு மனுவே போட முடியாது. தனியார் ஆஸ்பத்திரியில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு காலம் தள்ள வேண்டியதுதான். சேரப் போகும் பள்ளிக்கு கவுன்சில் அங்கீகாரம் உண்டா என்று முதலில் கேளுங்கள். தரகர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்! அரசு ஆஸ்பத்திரிகளோடு சேர்ந்த நர்சுப் பள்ளிகளில் பிளஸ் 2 மார்க் பார்த்து இடம் தருகிறார்கள். முதலில் அங்கே மனுப் போடுங்கள்.

போராடிய நர்சுகளுக்கு 2023 ஜனவரியில் அரசு ஒரு வழி சொன்னது. மாவட்ட சுகாதாரத் திட்டங்களில் வேறு வேலை, மாதம் 18 ஆயிரம் ரூபாய். சம்பளம் 4 ஆயிரம் கூடுதல்தான்.

அதுவும் ஒப்பந்த வேலை.