சிநேகிதன் போட்ட மெட்டு

ஹைதராபாத்தில் என் அக்கா மகன் படம் எடுத்துவிட்டான். 14 நிமிடம். கல்லூரியின் கடைசி ஆண்டுக்காக எடுத்தது. செகந்திராபாத் இரானி ஹோட்டல் ஒன்றில் தினமும் ஒரே மேஜையில் உட்காரும் ஒரு முதியவர்; கதை அவ்வளவுதான். செலவு அக்காவுடையது. இசை அறைத்தோழனுடையது.

முதலில் வந்தது சண்டை. எடிட்டிங் நடக்கும்போது பையன் தற்காலிகமாக இளையராஜாவின் பின்னணி இசைத் துண்டு ஒன்றைப் போட்டு வைத்திருந்தான். மூன்று வாரத்தில் காது அதற்கே பழகிவிட்டது. "இதே மாதிரி வேணும், ஆனா இதுவா இருக்கக்கூடாது" என்று தோழனிடம் கேட்டிருக்கிறான். அனுபவசாலிகளையே அழவைக்கும் வேண்டுகோள் இது. ஐந்து மெட்டுகள் நிராகரிக்கப்பட்டதும் தோழன் கீபோர்டை மூடிவிட்டான். பிறகு இசையே ஒட்டாத பிரதியை வாங்கிப்போய், சாசரில் கப் உரசும் சத்தத்திலிருந்து தாளம் பிடித்துத் தொடங்கினான். கேட்டேன், நன்றாக இருந்தது. முதியவர் பேசும் இடங்களில் இசை வாய்மூடி இருந்தது இன்னும் நன்றாக இருந்தது.

இந்த ஊரில் இப்படிப்பட்ட கூட்டுக்கு முன்னுதாரணம் உண்டு. 'சைன்மா' குறும்படத்தில் இணைந்த இயக்குனர் தருண் பாஸ்கரும் இசையமைப்பாளர் விவேக் சாகரும் 2016இல் 'பெள்ளி சூப்புலு' கொடுத்தார்கள். சிறந்த தெலுங்குப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. 2023இல் 'கீடா கோலா' வரை அந்தக் கூட்டு தொடர்ந்தது.

நம் பையன்களுக்குச் சிக்கல் வந்தது வெளிநாட்டுத் திரைவிழா ஒன்றின் விண்ணப்பத்தில். இசைக்கான உரிமை உங்களிடம் இருக்கிறதா என்று ஒரு கேள்வி. 'ஆம்' என்று குறிக்கப் போனவனைத் தடுத்தேன்.

1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, கூலியும் ஒப்பந்தமும் இல்லாமல் இசையமைத்தவன்தான் அந்த இசைக்கு முதல் சொந்தக்காரன். கூலி கொடுத்து மெட்டு வாங்கும் தயாரிப்பாளருக்கே உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1977இல் சொன்னது. ராயல்டியில் இசையமைப்பாளரின் பங்கைக் காப்பாற்ற 2012இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. (அக்கா வாங்கித் தந்த பிரியாணி கூலிக்கணக்கில் வருமா என்பதை வக்கீல்களுக்கு விட்டுவிடுகிறேன்.) உரிமையை எழுதித்தான் கொடுக்க வேண்டும். எழுதினாலும், காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான். அவசரத்தில் கிறுக்கிய தாளை நம்பி வெளிநாட்டு விழாவுக்குப் போக முடியாது.

"ஃபிரண்டுகிட்ட போய்ப் பத்திரம் கேக்கறதா மாமா?" என்று முகம் சுளித்தான்.

வாலிபத்தில் ஒரே கச்சேரிக் குழுவில் இருந்தவர்கள் எஸ்.பி. பாலசுப்ரமணியமும் இளையராஜாவும். 2017இல் அவர்களுக்கிடையே வக்கீல் நோட்டீஸ் வந்ததைச் சொன்னேன். 2019இல் மறுபடி ஒரே மேடையில் நின்றார்கள். அவர்களைச் சேர்த்துவைக்க நூற்றுக்கணக்கான பாட்டுகள் இருந்தன. இவர்களிடம் இருப்பது 14 நிமிடம்.

கடைசியில் ஒரு பக்கம் எழுதினார்கள். இந்தப் படத்தோடு உலகில் எங்கும், உரிமை உள்ள காலம் முழுதும் இசையைப் பயன்படுத்தலாம், மெட்டு தோழனுக்கே, படம் காசு பார்த்தால் பங்கு உண்டு. அடியில் தோழன் பேனாவால் ஒரு வரி சேர்த்தான்: முடிவில் வரும் 20 வினாடி இசையை யாரும் வெட்டக்கூடாது.

பையன் அரைமணி நேரம் வாதாடிவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.