மழை ராத்திரியில் ஏறிய சர்க்கரை



ஜொகூரின் சிகாமட்டில் என் அக்கா வீட்டு அலமாரி உச்சியில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. பிறப்புப் பத்திரங்கள், வீட்டு கிராண்ட், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள், கிளினிக்கில் கொடுத்த இனிப்பு நீர் மாத்திரைகள் எல்லாம் அதற்குள்தான். 2006 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்த்தட்டில் இருந்த கல்யாண ஆல்பம் கூழாகிப் போனது. அதற்குப் பிறகு முக்கியமான எதையும் அக்கா தன் தலைக்குக் கீழே வைப்பதில்லை. 2011-இலும் 2023 மார்ச்சிலும் ஊருக்குள் மறுபடி தண்ணீர் வந்தது. டின் நனையவில்லை. ஆனால் மழைக்காலம் வந்தால் அக்கா தூங்குவதே இல்லை.

போன மழைக்காலத்தில் அங்கே ஒரு ராத்திரி தங்கினேன். பத்து மணிக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. டார்ச்சை எடுத்துக்கொண்டு அக்கா மூன்று முறை வாசலுக்குப் போய்க் கால்வாயைப் பார்த்துவிட்டு வந்தார். தண்ணீர் ஏறவில்லை. விடிந்ததும் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தார்: லிட்டருக்கு 11.4 மில்லிமோல்.

"ராத்திரி ரெண்டு துண்டு ரொட்டி, தே ஓ கோசோங். அவ்வளவுதான் தம்பி. இந்தச் சீனி எங்கேருந்து வந்துச்சு?" என்று கருவியை என்னிடம் நீட்டினார், ஏதோ நான்தான் கலக்கிக் கொடுத்த மாதிரி.

அந்தச் சீனி அவருடைய ஈரலிலிருந்து வந்தது. ஆபத்து என்று மூளை முடிவு கட்டிவிட்டால், சிறுநீரகங்களின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்குச் சேதி போகிறது. முதலில் அட்ரினலின்: நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும், காயம் பட்டால் சட்டென்று உறைவதற்கு ரத்தம் தயாராகும். பின்னாலேயே கார்ட்டிசோல் வரும். ஓடவோ அடித்துக்கொள்ளவோ தெம்பு வேண்டுமே என்று இரண்டும் சேர்ந்து ஈரலில் இருக்கும் சீனியை வெளியே விடச் சொல்லும். இன்சுலின் சொல் பேச்சை உடம்பு கேட்காதபடி செய்யும். புலி துரத்தும்போது இது அருமையான ஏற்பாடு. ஓடும் ஓட்டத்தில் சீனி எரிந்துவிடும். அக்கா எங்கே ஓடினார்? கட்டிலுக்கும் வாசலுக்கும் பன்னிரண்டு எட்டு. விடியற்காலையில் கார்ட்டிசோல் எல்லாருக்கும் இயல்பாகவே ஏறும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு அதுவே காலைச் சர்க்கரையைக் கூட்டிவிடும். தூங்காத ராத்திரி அதன்மேல் இன்னொரு கரண்டி.

சிகாமட் மக்களுக்கு 2025-இல் வேறொரு பயமும் சேர்ந்தது. ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை காலை 6.13-க்கு நிலம் ஆடியது. அளவு 4.1. வெள்ளம் பழகிய ஊர்தான், நிலநடுக்கம் யார் கண்டது? "லோரி வந்து சுவத்துல மோதிடுச்சுன்னு நெனச்சேன்" என்றார் அக்கா. பிறகு சில நாள் சின்னச் சின்ன அதிர்வுகள். நல்ல வேளையாகப் பெரிய சேதமில்லை.

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது லாஸ் ஏஞ்சலிஸ். 1994 ஜனவரி 17, விடியற்காலையில் அங்கே பெரிய நிலநடுக்கம். அதற்கு முந்தைய வாரத்தில் இருதய நோயால் திடீரென்று இறந்தவர்கள் நாளுக்குச் சராசரி 4.6 பேர். அன்று ஒரே நாளில் 24 பேர். இடிபாட்டில் சிக்கியவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. விசித்திரம் என்னவென்றால், அடுத்த ஆறு நாள்களில் இப்படி இறந்தவர்களின் எண்ணிக்கை வழக்கத்தைவிடக் குறைந்துவிட்டது. ஏற்கெனவே ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டு, இன்றோ நாளையோ என்றிருந்தவர்களை அந்தப் பயம் முந்திக்கொண்டு அழைத்துப் போயிருக்கிறது.

அப்படியானால் குழாயை அடைத்தது எது? சிகரெட், கொழுப்பு, ரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், இவை நமக்குத் தெரியும். கேரளத்தில் பிறந்த டாக்டர் சலீம் யூசுஃப் 52 நாடுகளில் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வு, மாரடைப்புக்கான ஒன்பது முக்கியக் காரணங்களில் மன அழுத்தத்தையும் சேர்த்தது. 2017-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில் 293 பேரின் மூளையைப் படம்பிடித்துப் பார்த்திருந்தார்கள். பயத்தைக் கவனிக்கும் பகுதி எவருக்கு ஓயாமல் வேலை செய்ததோ, அவருடைய எலும்பு மஜ்ஜையும் மும்முரமாக இருந்தது, ரத்தக் குழாய்ச் சுவரில் அழற்சியும் கூடியிருந்தது. பின்னால் இருதய நோயும் பக்கவாதமும் அவர்களுக்கே அதிகம் வந்தன.

நம்மில் ஒரு பேச்சு உண்டு: டென்ஷன் எல்லாம் பெரிய மனிதர்களுக்கு, டத்தோக்களுக்கு, மேனேஜர்களுக்கு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1967-இல் லண்டனில் மைக்கேல் மார்மட்டின் பெயரோடு பேசப்படும் அரசு ஊழியர் ஆய்வு தொடங்கியது. அதன்படி, மேசை பெரிதாக உள்ள அதிகாரியைவிடக் கோப்பு தூக்கும் கடைநிலை ஊழியருக்குத்தான் இருதய நோய்ச் சாவு பலமடங்கு. சிகரெட்டையும் மற்றதையும் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் முழுதாக மறையவில்லை. தன் வேலையில் தனக்கு ஒரு சொல் இல்லாதவன் உடம்பு அதைத் தாங்கிக்கொண்டே இருக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் குலை எண்ணிக் கூலி வாங்குபவர், ஜொகூர் பாலத்தில் விடியுமுன் மோட்டாரில் வரிசை நிற்கும் பையன், கால்வாயைப் பார்க்கும் என் அக்கா, எல்லாரும் அந்தக் கணக்கில் வருகிறவர்கள்தான்.

இதைப் படித்துவிட்டு, "எல்லாம் டென்ஷன்தான், மருந்து வேண்டாம்" என்று யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். வயிற்றுப் புண் கவலையால்தான் வருகிறது என்று பல காலம் நம்பினார்கள். பேரி மார்ஷலும் ராபின் வாரனும் ஒரு கிருமியைக் காட்டி, 2005-இல் நோபல் பரிசே வாங்கினார்கள். இனிப்பு நீரும் டென்ஷனால் மட்டும் வருவதில்லை. 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களில் பத்துக்கு மூவர். பரம்பரை, உடல் எடை, சாப்பாடு, நடக்காத கால்கள் எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. சிகாமட் வட்டாரத்தில் மொனாஷ் பல்கலைக்கழகத்தின் சமூக ஆய்வுக் குழு 2011 முதல் சாஆ, பெக்கோக், ஜாபி என்று வீடு வீடாகப் போய் இந்த உடம்புகளை அளந்துகொண்டிருக்கிறது. அக்காவின் கையிலும் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டிப் பார்த்திருக்கிறார்கள். "அந்தப் பிள்ளைங்க நல்லா பேசுவாங்க" என்பது அக்காவின் சான்றிதழ்.

அக்காவிடம் "கவலைப்படாதே" என்று சொல்லிப் பயனில்லை. தண்ணீர் வருவது உண்மை. அதனால் அவர் மகன் வேறொன்று செய்தான். அந்தச் சந்தின் ஆறு வீட்டையும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தான். மழை பெய்யும் ராத்திரியில் ஒரு வீடு மட்டும் விழித்திருக்கும். மற்ற ஐந்தும் தூங்கலாம். முதல் வாரம் அக்கா தன் முறை இல்லாத ராத்திரியிலும் எழுந்து போனாராம். இப்போது இல்லை என்கிறார். நான் முழுதாக நம்பவில்லை.

சென்ற சனிக்கிழமை அவருடைய முறை. குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள், கோலாலம்பூரில் இருந்துகொண்டு நான் என்ன செய்யப்போகிறேனோ. விடியற்காலை மூன்று மணிக்குப் போன் ஒலித்தது. அக்காவின் குரல், பின்னால் மழைச் சத்தம்: "ரெண்டாவது படிக்கு இன்னும் வரல. எல்லாரும் தூங்குங்க."

அன்புடன்,
ஆசிரியர்