வட்டிக்காரியின் உயிரும் உயிர்தான்

தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ (1866) நாவலைப் படித்த நம் இளைஞர் சிலர், “கொல்லப்பட்டவள் வட்டிக்காரிதானே!” என்று இலேசாகச் சொல்லிவிடுகின்றனர். வட்டி ஹராம், அதில் இரு கருத்து இல்லை. அதற்காக அவளுடைய இரத்தத்தை ஹலாலாக்கும் அதிகாரத்தைத் தனிமனிதன் ஒருவனுக்கு எந்த ஃபிக்ஹு நூல் வழங்கியது?

ரஸ்கோல்னிகோவும் இதே கணக்கைத்தான் போட்டான்: ஒரு கிழவி மடிந்தால் பலர் பிழைப்பர். நடந்தது என்ன? எதிர்பாராமல் உள்ளே வந்த, ஒரு பாவமும் அறியாத தங்கை லிஸவெத்தாவும் அதே கோடரிக்கு இரையானாள். கொள்ளைப் பொருளோ ஒரு கல்லுக்கடியில் கிடந்தது. ஓர் ஏழைக்கும் அதிலிருந்து ஒரு கோபெக் கூடச் சேரவில்லை. மர்மெலாதவ் குடும்பத்துக்கு அவன் கொடுத்தது தாய் அனுப்பிய பணம்!

“அவன் மனநோயாளி” என்பது அடுத்த சமாதானம். காய்ச்சலும் பிதற்றலும் அவனைப் படுக்கையில் தள்ளியது கொலைக்குப் பின்னர். அதற்கு முன்பே தன் வாசலிலிருந்து அவள் வீடுவரை 730 எட்டுகளை எண்ணி வைத்தவன் அவன். கோடரியை மறைக்க மேலங்கிக்குள் துணி வளையம் தைத்தவன். புத்தி பேதலித்தவர் மீது மார்க்கம் குற்றம் எழுதுவதில்லை என்பது உண்மையே. அச்சலுகையை இவனுக்கு நீட்டுவது, மெய்யாகவே மனநோயால் வாடும் நம் வீட்டார் மீது கொலைப்பழியைப் பூசுவதாகும்.